நீளம் தாண்டுதல்: தூரம் ஓட்டத்தில்தான் இருக்கிறது

எறியும் பொருள் அதிக தூரம் போக 45 டிகிரி சாய்வில் எறிய வேண்டும் என்று பள்ளி இயற்பியலில் படிக்கிறோம். ஆனால் நீளம் தாண்டுதலில் உலகத்தரமான வீரர்கள் தரையை விட்டு எழும்பும் கோணம் ஏறக்குறைய 20 டிகிரிதான். பாடம் தப்பா? இல்லை. எந்தச் சாய்விலும் ஒரே வேகத்தில் எறிய முடிந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். ஓடிவரும் உடம்புக்கு அது முடியாது. நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வருபவரின் கால், மணற்குழிக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் எழும்பு பலகையில் ஊன்றியிருப்பது நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் மேல்நோக்கி நொடிக்கு மூன்று, மூன்றரை மீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிய காரியம். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குழந்தைகளுக்கும் இதே கணக்குதான். ஒரு சிறுமி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து, மேல்நோக்கி 2 மீட்டர் வேகத்தில் எழும்பினால், சுமார் 0.4 நொடி காற்றில் இருப்பாள். 2 மீட்டர் கடப்பாள். அதே எழும்பலை 6 மீட்டர் வேகத்தில் செய்தால் 2.4 மீட்டர். காலை முன்னால் நீட்டி இறங்குவதில் கிடைப்பது தனி. ஆகவே “நல்லா குதி, நல்லா குதி” என்று கத்துவதைவிட, வேகம் குறையாமல் பலகைக்கு வரக் கற்றுக்கொடுப்பதே முதல் வேலை.

அங்கேதான் சிக்கல். பலகை நெருங்கியதும் குழந்தை குனிந்து பார்க்கும். குட்டிக்குட்டி அடியாக வைக்கும், அல்லது கடைசி அடியை எட்டி வைக்கும். எட்டி வைத்த கால் பிரேக் போட்டது போலத்தான். சரியான தாளம் வேறு: கடைசிக்கு முந்தைய அடி சற்று நீளம், இடுப்பு கொஞ்சம் தாழும், கடைசி அடி குட்டை, பாதம் முழுதாகச் சட்டென்று பதியும். அப்போது இடுப்பு மேலே எழ, ஊன்றாத காலின் முட்டியும் கைகளும் சேர்ந்து தூக்கும். ஓட்டத்தின் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்க, பலகையில் நின்று எதிர்ப்பக்கமாக ஏழு அல்லது ஒன்பது காலடி ஓடவிட்டு, முடியும் இடத்தில் அடையாளம் வையுங்கள்.

பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். எங்கிருந்து எழும்பினாலும் அளவு மணற்குழிப் பக்கத்து விளிம்பிலிருந்துதான். 1968-இல் அமெரிக்க வீரர் பாப் பீமன் உலக சாதனையாகத் தாண்டிய 8.90 மீட்டரை, 1991-இல் இன்னொரு அமெரிக்கரான மைக் பவல் முந்தியது வெறும் 5 சென்டிமீட்டரில். பெரியவர்களுக்கு அந்த 5 சென்டிமீட்டர் உயிர். பழகும் பிள்ளைக்கு எதற்கு? அரை மீட்டர் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை போட்டு, கால் எழும்பிய இடத்திலிருந்தே அளந்தால் போதும்; தலை தானாக நிமிரும்.

கால் தரையில் நின்றுவிட, மேலுடம்பு முன்னே போவதால், காற்றில் உடம்பு முன்பக்கம் சுழலப் பார்க்கும். காற்றிலேயே நடப்பது போலக் கால் வீசுவதெல்லாம் அந்தச் சுழற்சியை அடக்கத்தான். தூரத்தை வளர்க்க அல்ல. 1970-களில் சிலர் அதை எதிர்க்காமல் குட்டிக்கரணமாகவே தாண்டிப் பார்த்தார்கள். ஆபத்து என்று தடை வந்தது. சிறுவர்களுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாம். நெஞ்சை நிமிர்த்தி, முட்டிகளை உயர்த்தினால் போதும்.

இறங்கும்போது குதிகால் மணலில் பட்டவுடன் முட்டியை மடக்கி, இடுப்பைக் குதிகால் பக்கம் கொண்டுவர வேண்டும். பின்னால் கை ஊன்றினால் அளவு அந்தக் கைத்தடத்துக்குத்தான். இதற்கெல்லாம் மணல் இளகியிருக்க வேண்டும். பல மைதானங்களில் மழைக்குப் பிறகு அது கட்டாந்தரைபோல இறுகிக் கிடக்கும். மண்வெட்டியால் கொத்திப் பரப்பி, கல்லும் கண்ணாடித்துண்டும் இல்லை என்று பார்த்த பிறகுதான் முதல் பிள்ளையை ஓடவிட வேண்டும்.