பழகிப்போறது உடம்பு இல்லீங்க, கிருமி

போன வாரம் லேபுக்கு ஒரு சீழ் சாம்பிள் வந்துச்சு. 58 வயசுக்காரர், சுகர் பேஷண்ட், கால் கட்டை விரல்ல புண். கல்ச்சர் போட்டு, அதாவது சாம்பிள்ல இருக்குற கிருமியைத் தட்டுல வளர்த்துப் பார்த்தா, சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் ஏத்தின டிஸ்க்கை ஒட்டியே கிருமி வளர்ந்து நிக்குது, செஃபாக்சிட்டின்ங்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக்லயும் அப்படியே, அதாவது எம்ஆர்எஸ்ஏ, பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. ரிப்போர்ட் வாங்க வந்த மகன்கிட்ட விசாரிச்சா, மெடிக்கல் ஷாப்ல சொல்லி சிப்ரோ வாங்கி மூணு நாள் குடுத்திருக்காங்க, வீக்கம் வடிஞ்சதும் நிறுத்திட்டு இனிமே இயற்கையாவே பாத்துக்கலாம்னு மரமஞ்சளை அரைச்சுப் பத்து போட்டு, கஷாயமும் வச்சுக் குடுத்து மூணு வாரத்தை ஓட்டியிருக்காங்க. இந்த மாசம் இப்படி வர்றதுல இது நாலாவது சாம்பிள்.

அவர் சொன்ன காரணம்தான் எனக்குத் தாங்கல. "அப்பா உடம்பு இங்கிலீஷ் மருந்துக்குப் பழகிடுச்சு மேடம்."

உடம்பு பழகாதுங்க. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யறது உங்க உடம்பு மேல இல்லை, கிருமி மேல. சிப்ரோ போய் ஒட்டுற கைரேஸ்ங்கிற என்சைம் கிருமிக்குள்ள இருக்கு. அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறி, அந்த என்சைம்ல செரீன்ங்கிற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்துல லூசின்ங்கிற வேற ஒண்ணு வந்துட்டா மருந்துக்குப் பிடிமானம் போயிடும். இந்த மாற்றத்தை மருந்து உண்டாக்கணும்னுகூட இல்லை. லூரியா, டெல்ப்ரூக்ங்கிற ரெண்டு விஞ்ஞானிகள் 1943லயே காட்டிட்டாங்க, கிருமி பெருகும்போது தற்செயலா நடக்குற மாற்றம் அது, எதிரியைப் பார்க்குறதுக்கு முன்னாடியே கூட்டத்துல ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும். மருந்து மத்ததைக் கொன்னு அதுக்கு இடம் விட்டுக் குடுக்குது, அவ்வளவுதான். வாழ்நாள்ல ஒரு ஆன்டிபயாட்டிக்கூட சாப்பிடாதவருக்கும் இந்தக் கிருமி அடுத்தவர்கிட்டருந்து தொத்தலாம். அவர் உடம்பு எந்த மருந்துக்குப் பழகுச்சு, சொல்லுங்க? கிருமிதான் மாறியிருக்கு, உங்கப்பா மாறல.

சரி, மரமஞ்சள்? அதை நான் மட்டமா நினைக்கல. அதுல மஞ்சளா, கசப்பா இருக்குற பெர்பெரின் நிஜமாவே கிருமிக்கு எதிரானதுதான். ஆனா இந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்கிட்ட நார்ஏன்னு ஒரு பம்ப் இருக்கு, உள்ள வர்ற பெர்பெரினை வெளிய இறைச்சுக் கொட்டிடும், சிப்ரோவையும் அதே பம்ப்தான் வெளிய தள்ளுது. கிருமிக்கு இது மூலிகை, இது மாத்திரைங்கிற பேதமெல்லாம் கிடையாது, ரெண்டுமே கெமிக்கல்தான். அந்த பம்பை அதிகமா ஓட்டுற கிருமிகிட்ட ரெண்டும் ஒரே நேரத்துல தோத்துப்போகலாம்.

செடிக்கு இது தெரிஞ்சிருக்குங்கிறதுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். பெர்பெரின் தயாரிக்கிற பெர்பெரிஸ் இனச் செடிகள்ல சிலது அதோட சேர்த்து 5'-மெத்தாக்சிஹிட்னோகார்பின்னு இன்னொண்ணையும் தயாரிக்குதுன்னு 2000ல கண்டுபிடிச்சாங்க. தனியா குடுத்தா அது கிருமியைக் கொல்லாது, அந்த பம்பை அடைக்கிறதுதான் அதோட வேலை. நம்ம மிளகுல இருக்குற பைப்பரினும் லேப்ல நார்ஏவை அடைக்குது. ஆனா லேப் தட்டு வேற, கால் புண் வேற, தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டு மிளகுக் கஷாயத்துல இறங்கிடாதீங்க. பெர்பெரின் குடிச்சாலும் ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம், சுகரால ரத்த ஓட்டம் கெட்ட விரலுக்கு அதுல எவ்வளவு போய்ச் சேரும்னு நினைக்கறீங்க?

சுகர் இருக்குறவங்க கால்ல சின்ன புண்ணா இருந்தாலும் அதுமேல எதையும் அரைச்சுப் பூசாதீங்க. அட்டையில சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதீங்க, கடைக்காரர் குடுத்தாலும் வாங்காதீங்க. எத்தனை நாள்னு டாக்டர் சொல்றாரோ அத்தனை நாள், நீங்களா குறைக்கவும் வேணாம் கூட்டவும் வேணாம். போன தடவை மிச்சமானதை எடுத்து வச்சு வீட்ல இன்னொருத்தருக்குக் குடுக்குற பழக்கத்தை இன்னையோட விடுங்க. கல்ச்சர் எழுதிக் குடுத்தா, முடிஞ்சவரை முதல் டோஸுக்கு முன்னாடியே சாம்பிள் குடுத்துடுங்க, மாத்திரை உள்ள போனதுக்கப்புறம் வர்ற சாம்பிள்ல பல நேரம் எங்களுக்கு ஒண்ணும் வளராது.

சித்த மருந்து எடுக்கறவங்க அதை மறைக்காம சொல்லுங்க. டாக்டர் திட்டுவாரோன்னு நிறைய பேர் வாயே திறக்கறதில்லை. மிளகோட பைப்பரின் சில மாத்திரைகளோட அளவை, வலிப்புக்குக் குடுக்குற ஃபெனிடாயின் உட்பட, ரத்தத்துல ஏத்திவிடும், அதனால நாங்க கேட்டே ஆகணும். கஷாயத்துல என்னென்ன போட்டாங்கன்னு தெரியலைன்னா அந்தப் பொட்டலத்தையே கையில எடுத்துட்டு வாங்க.