பொட்டாசியமா சோடியமா, எது பெரிது?

பூமியின் மேலோட்டில் எந்தத் தனிமம் எவ்வளவு என்பதை ஒரு வட்ட விளக்கப்படமாக (பை சார்ட்) வரைந்து பார்ப்போம். எடைக் கணக்கில் ஆக்சிஜன் சுமார் 46.6%, சிலிக்கான் 27.7%, அலுமினியம் 8.1%, இரும்பு 5%, கால்சியம் 3.6%, சோடியம் 2.8%, பொட்டாசியம் 2.6%, மக்னீசியம் 2.1%. மிச்சமெல்லாம் சேர்ந்தும் ஒன்றரை சதவீதம்தான்.

வரைவது சுலபம். முழு வட்டம் 360 பாகை, ஆகவே 1 சதவீதத்துக்கு 3.6 பாகை. ஆக்சிஜனுக்கு 168 பாகை வருகிறது, அரைவட்டத்துக்குச் சற்றுக் குறைவு. காலடியில் கிடக்கும் பாறையில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன் என்பது பார்த்த நொடியே உறைக்கிறது. இந்த வேலையில் பை சார்ட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சரி, சோடியத்துக்கு 10 பாகை, பொட்டாசியத்துக்கு 9.4. எண்களை அழித்துவிட்டு எது பெரிது என்று கேட்டால் யாரும் திணறுவார்கள். எண்ணைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் படம் எதற்கு?

நேர்கோட்டையும் செங்கோணத்தையும் நம் கண் சட்டென்று பிடித்துவிடும். அதனால் பாதியும் காலும் புரிகின்றன. மற்றக் கோணங்களில் அது தடுமாறும், அதிலும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திசையில் திரும்பியிருக்கும்போது. பட்டை விளக்கப்படத்தில் எல்லாப் பட்டைகளும் ஒரே அடிக்கோட்டிலிருந்து கிளம்புவதால், உச்சிகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். கோணத்தைக் கணிப்பதில்தான் பிழை அதிகம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1786-இல் பட்டைப் படத்தை வெளியிட்ட ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர்தான் 1801-இல் வட்டப் படத்தையும் கொண்டுவந்தார். அதில் ஆட்டோமான் பேரரசை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று மூன்றே துண்டுகளாகப் பிரித்திருந்தார். இன்று அலுவலகக் கூட்டங்களில் பன்னிரண்டு துண்டுகளைப் போட்டு, போதாததற்கு முப்பரிமாணத்தில் சாய்த்தும் வைக்கிறார்கள். சாய்த்தால் முன்பக்கத் துண்டு அதன் தடிமனும் சேர்ந்து பெருத்துத் தெரியும். மறைக்க வேண்டிய கணக்கைப் பின்பக்கம் தள்ள நல்ல வழி!

இன்னொன்று: ஒருவரே பல பதில்களைத் தேர்ந்தெடுக்கும் கருத்துக்கணிப்பில் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். அங்கே வட்டம் போடுவதே தவறு.

மேலோட்டுக் கணக்குக்கு நான் ஆக்சிஜன், சிலிக்கான், மற்றவை என்று மூன்று துண்டுகளோடு நிறுத்திக்கொள்வேன். ‘மற்றவை’ 25.7%, கிட்டத்தட்டக் கால் வட்டம். அலுமினியம் முதல் மக்னீசியம் வரை ஆறையும் பக்கத்தில் பட்டைகளாக, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிடலாம்.