அன்றைக்கு நன்றாகத்தானே பேசினார்

தலைக்குள் ரத்தம் கசிந்து வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது. எழுபதைத் தாண்டிய பெரியவர். அரைத் தூக்கத்தில், பேச்சு குழற, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். எங்காவது விழுந்தாரா என்றால் இல்லை என்றார் மகன். நாலாவது தடவை கேட்டபோதுதான் மகளுக்கு நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டாராம். "ஆனால் ரத்தமே வரலையே டாக்டர், அன்றைக்கு நன்றாகத்தானே பேசினார்!"

இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சிலருக்குத் தலைத்தோல் கிழிந்து ரத்தம் கொட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. கீறல்கூட இல்லாதவருக்கு மண்டைக்குள் கசிந்துகொண்டிருக்கும். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் மேலுறைக்கும் நடுவே உள்ள சிறு ரத்தக்குழாய் லேசான இடியில் அறுந்தாலும், சேரும் ரத்தத்துக்கு இடம் இருப்பதால் வாரக்கணக்கில் வெளியே தெரியாது. இளைஞர்களிடம் வேறு மாதிரி. பொட்டில் அடிபட்டு மயங்கியவர் தெளிந்து எழுந்து பேசுவார், சில மணி நேரத்தில் சரிவார். நடுவில் வரும் அந்தத் தெளிவை நம்பித்தான் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள்.

அப்புறம், "எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு உடையலை." எக்ஸ்ரேயில் ரத்தம் தெரியாது. தேவை சிடி ஸ்கேன். சில நிமிட வேலை. (இளம் மருத்துவர்களுக்கு: இரண்டு மூன்று வாரமான ரத்தம் சிடியில் மூளையின் அதே சாம்பல் நிறத்தில் இருக்கும். மடிப்புகள் மறைந்திருக்கின்றனவா, நடுக்கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.)

வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் இடித்துக்கொண்டால், சின்ன இடியானாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள், மாத்திரைச் சீட்டோடு. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். விழாமலேயே, இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலிக்கும் இதேதான். கைகால் ஒரு பக்கம் விழுந்தால் ஆஸ்பிரினை வாயில் போடாதீர்கள். மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் எங்களாலேயே சொல்ல முடியாது.

வீட்டுப் பெரியவர் புதிதாகத் தடுமாறினால், பகலெல்லாம் தூங்கினால், பேச்சு மாறினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அவர் தலையை இடித்துக்கொண்ட நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து வந்தாலும் அதை முதலில் சொல்லுங்கள்.