ஆங்கர்: நங்கூரம் அல்ல, தாங்கல்

கையால் பந்தை வீசியும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் ஏப்ரல் மாதத்தில் தெரிவு செய்யும். அதையொட்டித் தமிழில் வரும் குறிப்புகளிலும் வசன மொழிபெயர்ப்புகளிலும் ஒரு வாக்கியம் தவறாமல் தலைகாட்டுகிறது: 'இவர் பலசாலிதான், ஆனால் நங்கூரம் பலவீனம்.' படிக்கிறவருக்கு இதிலிருந்து என்ன புரியும்? ஆட்டத்தை அறியாதவருக்கு ஒன்றும் புரியாது. அறிந்தவருக்கோ தவறாகப் புரியும்.

மூலச்சொல் ஆங்கர். கிரேக்க அங்கூரா, லத்தீனில் அங்கோரா ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. வேரின் பொருள் வளைவு, கொக்கி. நம் நங்கூரமும் பாரசீக லங்கர் என்ற சொல்லின் வழி வந்ததே. ஆகவே தனித்தமிழ் என்று சொல்லி அதற்கு இடம் கேட்க முடியாது. கயிறிழுக்கும் போட்டியில் கடைசியில் நிற்பவரையும் ஆங்கர் என்பார்கள். தமிழ்நாட்டில் ஆங்கர் என்றால் தொலைக்காட்சித் தொகுப்பாளர், கட்டட வேலையில் ஆங்கர் போல்ட். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும். சிக்கல் பொருளில் இருக்கிறது.

பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். குவார்ட்டர்பேக் பந்தை வீசும்வரை எதிராளிகளை அவரிடம் அண்டவிடாமல் வைத்திருப்பது இவர்கள் வேலை. கிடைக்கும் நேரம் இரண்டரை, மூன்று விநாடி. எதிராளி பல வழிகளில் வரலாம். அவற்றில் முரட்டுத்தனமானது புல் ரஷ்: இரு கைகளையும் மார்பில் பதித்து, நேர்கோட்டில் பின்னோக்கி உந்திக்கொண்டே வருவது. அந்த உந்துதலை வாங்கி, சிறிது விட்டுக்கொடுத்து, மேலும் நகரவிடாமல் நிறுத்தும் திறனைத்தான் வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் ஆங்கர் என்கிறார்கள்.

'சிறிது விட்டுக்கொடுத்து' என்பதுதான் இங்கே உயிர்நாடி. நங்கூரம் என்று எழுதுகிறவர்கள் அதைத்தான் கொன்றுவிடுகிறார்கள். நங்கூரம் போட்ட இடத்தில் கிடக்கும். அந்தச் சொல்லை எழுதியவுடன் அடுத்த வாக்கியம் தானாக வந்துவிடுகிறது: 'அசையாமல் நிற்கிறார்.' முன்வரிசைக்காரர் அசையாமல் நின்றால் அவர் கதை முடிந்தது. காலை ஊன்றி உறைந்துபோனவரின் தோளைத் தட்டிவிட்டு, கையை மேலே வீசி, எதிராளி பக்கவாட்டில் கடந்துபோய்விடுவார். கால்கள் நிற்பதைக் குறையாகத்தான் ஸ்கவுட்டுகள் அறிக்கையில் எழுதுவார்கள்.

நல்ல ஆங்கர் நடக்கும் விதத்தைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். மோதல் விழுந்ததும் இரு கால்களும் சேர்ந்து சில அங்குலம் பின்னோக்கித் துள்ளும். தரையைத் தொடும்போது முழங்கால் இன்னும் மடங்கி, இடுப்பு எதிராளியின் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும். முதுகு நிமிர்ந்திருக்கும், தலை பின்னால் இருக்கும், முழுப் பாதமும் தரையில் பதியும். இதற்குள் வெளியே போன கைகள் மறுபடி உள்ளே வந்து எதிராளியின் மார்பைப் பிடிக்கும். ஒரு துள்ளல் போதாவிட்டால் இன்னொன்று. இரண்டாம் துள்ளலில் உந்துதல் நின்றுவிட்டால் அவரிடம் ஆங்கர் உண்டு என்று பொருள். குவார்ட்டர்பேக்கின் மடியில் போய் விழுந்தால் இல்லை.

கெடுவதும் வகைவகையாகக் கெடும். கணுக்கால் போதிய அளவு வளையாதவருக்குக் குதிகால் மேலே எழும். ஈடுகட்ட இடுப்பில் குனிவார். குனிந்தவரை எதிராளி கீழே இழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கைகளை வெளிப்பக்கமாக வீசுபவரின் மார்பு திறந்து கிடக்கும். எதிராளி தோள்கவசத்துக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினால் எத்தனை எடை இருந்தாலும் நிமிர்ந்துவிடுவார். கை குட்டையானவருக்கு இது அடிக்கடி நேரும், முதல் தொடுதல் எதிராளியுடையதாகிவிடுவதால். தோள் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, டேக்கிளுக்கு 33 அங்குலமாவது வேண்டும் என்று அணிகள் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். டேக்கிளாக ஆடிய ஜோ தாமஸின் கை 32.5 அங்குலம்தான். கிளீவ்லாந்து அணி அவரை 2007 தெரிவில் மூன்றாம் ஆளாக எடுத்தது. தொடர்ந்து 10,363 ஆட்டநிகழ்வுகளில் ஒன்றுகூட விடாமல் ஆடினார். அளவு எச்சரிக்கை தரும், தீர்ப்புத் தராது.

நங்கூரம் என்ற சொல் இழுத்துவரும் இன்னொரு பிழை, எடைதான் எல்லாம் என்ற எண்ணம். ஜேசன் கெல்சி 2011-இல், தெரிவுக்கு முன் வீரர்களை அளந்து பார்க்கும் கம்பைன் சோதனையில், 280 பவுண்டுதான் இருந்தார். 191-ஆம் ஆளாக எடுக்கப்பட்டவர், பிலடெல்பியாவுக்குப் பதின்மூன்று பருவங்கள் சென்டராக ஆடினார். கனத்த எதிராளியிடம் பின்வாங்க நேர்ந்தபோதும் இடுப்புக் கோணத்தாலும் கைவைக்கும் இடத்தாலும் சமாளித்தார். பெஞ்ச் பிரஸ் எண்ணிக்கையும் ஆங்கரைச் சொல்லாது. 225 பவுண்டை, அதாவது 102 கிலோவை, எத்தனை தடவை தூக்குகிறார் என்பது அந்தச் சோதனை. முதுகைப் பலகையில் சாய்த்துக்கொண்டு தூக்குவதில் இடுப்புக்கும் கணுக்காலுக்கும் என்ன வேலை? டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 2018-இல் பதினான்கு தடவைதான் தூக்கினார், தெரிவின் மூன்றாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார். பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுல் ஆட்டத்துக்கு அடுத்த ஆண்டே தேர்வானார்.

இனி மாற்றுச்சொற்கள். 'நிலைத்தன்மை' என்கிறார்கள் சிலர். பொருளாதாரம், அரசு, பாலம் எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் அது. இங்கே எதிரே ஒருவன் தள்ளுகிறான் என்ற செய்தியே அதில் இல்லை. 'தாங்குதிறன்' நெருங்கி வருகிறது. ஆனால் நெடுநேரம் களைக்காமல் ஆடுவதற்கும் தூண் சுமக்கும் பளுவுக்கும் அது ஏற்கெனவே வழங்குகிறது. நான்காம் கால்பகுதியில் மூச்சு வாங்குகிறவரையும் முதல் மோதலிலேயே சரிகிறவரையும் ஒரே சொல்லால் குறித்தால் அறிக்கை குழம்பும். 'காலூன்றல்' என்றால் புதிய சந்தையில் ஒரு நிறுவனம் இடம்பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். தவிர, அதுவும் காலை நட்டுவைப்பதுதான், பழைய பிழையே.

எனக்குச் சரியாகப் படுவது தாங்கல். படைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர், 'தார்தாங்கிச் செல்வது தானை' என்கிறார். தார் என்பதற்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருள் தூசி, அதாவது பகைவரின் முன்னணிப்படை. மேல்வரும் முன்னணியைத் தடுத்துக்கொண்டே இயங்குவதுதான் படைக்கு அழகு. தாங்கி நிற்பது என்று குறள் சொல்லவில்லை, தாங்கிச் செல்வது என்கிறது. அதைத் தொடர்ந்து வருவது 'தலைவந்த போர்தாங்கும் தன்மை அறிந்து.' எந்த உந்துதல், எந்தக் கோணம் என்று அறிந்து தாங்குவது முன்வரிசைக்காரரின் முழு வேலை. வேடந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்களில் வரும் தாங்கல் ஏரி, மனத்தாங்கல் வேறு என்று தடை சொல்லலாம். இடம் பார்த்துப் பொருள் கொள்வது தமிழருக்குப் புதிதல்ல. முன்வரிசைக்காரரின் தாங்கல் என்றால் யாரும் ஏரியைத் தேடமாட்டார்கள்.

உண்மையில் இந்தத் துறையில் நங்கூரம் ஒன்று மட்டும் கெட்டுப்போகவில்லை. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. டிராஃப்ட் 'வரைவு' ஆகிறது. நமக்கு வரைவு என்றால் மசோதா, அகத்திணையில் திருமணம். தெரிவு என்ற நல்ல சொல் கண்முன் இருக்கிறதே. முன்வரிசைக்காரரைத் 'தாக்குதல் லைன்மேன்' என்கிறார்கள். லைன்மேன் இங்கே மின்கம்பம் ஏறுபவர், முன்வரிசைக்காரரோ பந்தை வீசுபவரைக் காப்பவர். மூலத்தில் உள்ள அஃபென்ஸ் என்ற சொல் பந்து கையில் உள்ள அணி என்பதைத்தான் குறிக்கிறது. பந்துடை அணி என்று எழுதினால் குழப்பமே வராது. காட்சியைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் இவை நேரா.

தாங்கல் என்று எழுதுகிறவர் எதைப் பார்த்து எழுத வேண்டும் என்பதும் முக்கியம். எதிராளிகளை வேண்டுமென்றே உள்ளே வரவிட்டு வீசும் திரைப் பாஸ், பந்து உடனே கைவிட்டுப் போகும் குறும்பாஸ், ஓட்டம்போல ஏமாற்றி வீசுவது ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். கல்லூரி ஆட்டத்தில் இவை மிகுதி. இவற்றில் தாங்கல் சோதிக்கப்படுவதே இல்லை. பத்துக் கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில் ஏழு கஜத்துக்கு மேல் தேவைப்படும் ஆட்டங்களை, அதிலும் 300 பவுண்டுக்கு மேற்பட்ட எதிராளி நேரே நிற்பவற்றைப் பின்கோணத்திலிருந்து பாருங்கள். அலபாமாவின் மொபைல் நகரில் தெரிவுக்குக் காத்திருக்கும் கல்லூரி வீரர்களுக்கு நடக்கும் சீனியர் பவுல் பயிற்சியின் ஒற்றைக்கு ஒற்றை மோதல்களும் உதவும். ஆனால் அங்கே பக்கத்துணை கிடையாது, எதிராளிக்கே சாதகம் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கார்டுக்கும் சென்டருக்கும் அளவுகோலை இறுக்குங்கள். டேக்கிள் சரிந்தால் குவார்ட்டர்பேக் முன்னே அடியெடுத்துத் தப்பலாம், நடுவே சரிந்தால் அவருக்குப் போக்கிடமில்லை.

பிறகு அறிக்கையில் 'நங்கூரம் பலவீனம்' என்பதற்குப் பதிலாக, 'முதல் மோதலில் தாங்கல் தாமதம், இரண்டாம் துள்ளலில் நிறுத்துகிறார்' என்றோ, 'கை வெளியே போவதால் தாங்கல் உடைகிறது. இடுப்பில் குறையில்லை, பயிற்சியில் திருத்தலாம்' என்றோ, 'கணுக்கால் இறுக்கம், தாங்கல் வளர வாய்ப்புக் குறைவு, நான்காம் சுற்றுக்கு முன் எடுக்க வேண்டாம்' என்றோ எழுதலாம்.