தடைக்குப் பின் தொடங்கும் வேலை: ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை நாடுகள் எப்படி நிறைவேற்றுகின்றன?

ஒரு நச்சு வேதிப்பொருளுக்குத் தடை விதிக்கப்பட்டது என்ற செய்தி வெளியானதும், அத்துடன் அந்தப் பொருளின் கதை முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணுகிறார்கள். நச்சுக் கழிவு மேலாண்மையில் பணிபுரிகிற எங்களுக்கோ வேலை அங்கேதான் தொடங்குகிறது. தடை வரும் நாளில் அந்தப் பொருள் கிடங்குகளிலும், மின்மாற்றிகளின் எண்ணெயிலும், பழைய நாற்காலிகளின் நுரைப்பஞ்சிலும், ஆற்றுப் படுகையின் வண்டலிலும் ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து, கணக்கில் எழுதி, தனியே பிரித்து வைத்து, மீண்டும் பயன்படுத்த முடியாதபடி சிதைத்து முடிக்கும் வரை அந்த நாடு தன் கடமையை நிறைவேற்றியதாகக் கொள்ள முடியாது. இந்த வேலைகளில் முதலாவதான கணக்கெடுப்புதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது இத்துறையில் நான் கண்டறிந்த உண்மை. ஆனால் எந்த நாட்டிலும் மிகக் குறைவான கவனத்தைப் பெறுவதும் அதுவே.

நிலைத்த கரிம மாசுப்பொருட்கள் எனப்படும் இந்த நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001 மே 22 அன்று ஏற்கப்பட்டு, 2004 மே 17 அன்று நடைமுறைக்கு வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்களாக உள்ளன. அமெரிக்கா 2001இல் கையெழுத்திட்டும், சட்டப்படி கட்டுப்படுவதாகச் சொல்லும் ஏற்புறுதியை அளிக்கவில்லை. ஒரு பொருள் இதன் பட்டியலில் சேர வேண்டுமானால், அது எளிதில் சிதையாததாக இருக்க வேண்டும். உயிரினங்களின் உடலில் சேர்ந்துகொண்டே போக வேண்டும். காற்று, நீர், வலசை போகும் உயிரினங்கள் ஆகியவற்றின் வழியாக நெடுந்தொலைவு பரவ வேண்டும். உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்ய வேண்டும். எளிதில் சிதையாமைக்கு அளவுகோலும் உண்டு: அரைவாழ்வுக் காலம், அதாவது பொருளின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், நீரில் இரண்டு மாதங்களுக்கு மேல், அல்லது மண்ணிலோ வண்டலிலோ ஆறு மாதங்களுக்கு மேல். இந்த நான்கு குணங்களும் ஒன்றுசேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஆர்க்டிக் பகுதியே சான்று. பிசிபி என்ற எண்ணெயை ஒருபோதும் தயாரித்திராத அந்தப் பனிநிலத்தில், கடல் பாலூட்டிகளின் கொழுப்பை உணவாகக் கொள்ளும் இனுயிட் தாய்மார்களின் பாலில் அது, தொழிற்சாலைகள் நிறைந்த தெற்கில் வாழும் பெண்களின் பாலில் இருந்ததைவிட மிக உயர்ந்த அளவில் காணப்பட்டது.

முதலில் 12 பொருட்களோடு தொடங்கிய பட்டியல் இன்று 30ஐத் தாண்டிவிட்டது. 2009இல் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி உள்ளிட்ட ஒன்பதும், 2011இல் எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியும், 2025இல் குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லி உள்ளிட்ட மூன்றும் சேர்க்கப்பட்டன. பட்டியலின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் நாடுகள் செய்ய வேண்டியது என்ன என்பது விளங்கும். முதல் பின்னிணைப்பில் உள்ளவற்றை முற்றாக ஒழிக்க வேண்டும். இரண்டாவதில் உள்ள டிடிடி என்ற பூச்சிக்கொல்லி போன்றவற்றைக் குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டும் அனுமதிக்கலாம். மூன்றாவதில் உள்ள டயாக்சின், ஃபியூரான் முதலியவை யாரும் வேண்டுமென்றே தயாரிக்காதவை, எரிப்பிலும் உலைகளிலும் தாமாக உருவாகுபவை, ஆகவே அவை வெளியேறும் அளவைத் தொடர்ந்து குறைக்க வேண்டும்.

உடன்படிக்கையில் சேர்ந்த நாடு இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு தேசிய அமலாக்கத் திட்டத்தை ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஏழாவது பிரிவு. புதிய பொருட்கள் சேரும்போது அந்தத் திட்டத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். இதற்கான சட்ட வழி நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் ஒரே ஒழுங்குவிதியின் மூலம் எல்லா உறுப்பு நாடுகளையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. வேறு சில நாடுகளோ, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக ஏற்புறுதி அளித்தால் மட்டுமே அது தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அறிவித்துவிட்டுச் சேர்ந்திருக்கின்றன. இந்தியா அத்தகைய நாடு: 2006இல் உறுப்பினரான அது, ஏழு பொருட்களுக்கு எதிரான உள்நாட்டு விதிகளை 2018இல் வெளியிட்டு, அவற்றுக்கு ஏற்புறுதி அளிக்க 2020இல்தான் அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. எனவே ஒரு பொருள் உலக அளவில் தடைசெய்யப்பட்டது என்று படிக்கும்போது, நம் நாட்டை அந்தத் தடை கட்டுப்படுத்துகிறதா என்று தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தைவிடக் கடினமானது துறைகளை ஒன்றுசேர்ப்பது. பூச்சிக்கொல்லி வேளாண் துறையிடமும், கொசு ஒழிப்புக்கான டிடிடி சுகாதாரத் துறையிடமும், மின்மாற்றிகள் மின்வாரியங்களிடமும், உலைகள் தொழில் துறையிடமும், எல்லையைக் கடக்கும் சரக்குகள் சுங்கத் துறையிடமும் இருக்க, உடன்படிக்கைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் பெரும்பாலும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒரு சிறு பிரிவின் மேல் விழுகிறது. அந்தப் பிரிவுக்கு மற்றத் துறைகளுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. கடிதம் எழுதிக் கேட்கத்தான் முடியும். திட்ட அறிக்கைகள் பக்கம் பக்கமாக இருந்தும் அவற்றின் எண்கள் மட்டும் மெலிந்து காணப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

இனி கணக்கெடுப்புக்கு வருவோம். பிசிபியை எடுத்துக்கொண்டால் அதன் சிரமம் தெளிவாகத் தெரியும். தீப்பற்றாத, மின்சாரத்தைக் கடத்தாத எண்ணெய் என்பதால் 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் இது உலகெங்கும் மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் நிரப்பப்பட்டது. மொத்த உற்பத்தி பத்து இலட்சம் டன்னைத் தாண்டியது. அரோகுளோர், குளோஃபென், கனெகுளோர், சோவால், பைரலீன் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வணிகப் பெயர். பெயர்ப்பலகை உள்ள மின்மாற்றி என்றால் தயாரிப்பாளர், ஆண்டு, எண்ணெயின் வகை ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு முடிவு செய்யலாம். ஆனால் களத்தில் நாங்கள் காணும் கருவிகளில் பல பெயர்ப்பலகை துருப்பிடித்தோ பெயர்த்தெடுக்கப்பட்டோ இருக்கின்றன. தூய பிசிபி தண்ணீரைவிடக் கனமானது, கனிம எண்ணெய் இலேசானது. எனவே ஒரு குப்பி நீரில் சில துளிகள் விட்டுப் பார்த்தால் மூழ்குகிறதா மிதக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆனால் இன்று பெரும்பாலான ஆபத்து தூய பிசிபியில் இல்லை, கலப்படத்தில் இருக்கிறது. ஒரே வடிகட்டும் எந்திரத்தை எல்லா மின்மாற்றிகளுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்திய பணிமனைகளில், ஒரு மின்மாற்றியிலிருந்த பிசிபி எந்திரத்தின் குழாய்கள் வழியாக நூற்றுக்கணக்கான கனிம எண்ணெய் மின்மாற்றிகளுக்குப் பரவியிருக்கிறது. அப்படிப் பரவியதை நீரில் விட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. குளோரினைக் காட்டும் களச்சோதனைப் பெட்டி வேண்டும். அது ஆம் என்று சொன்னால் ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்பு மூலம் உறுதிசெய்ய வேண்டும். களச்சோதனை பிசிபி அல்லாத குளோரின் சேர்மங்களையும் பிசிபி என்று தவறாகக் காட்டக்கூடும், ஆனால் இல்லை என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். அதனால்தான் அதை முதல் சல்லடையாகப் பயன்படுத்துகிறோம். மின்தேக்கிகளின் நிலை இன்னும் மோசம். அவை முழுதும் மூடி ஒட்டப்பட்டவை என்பதால் உடைக்காமல் மாதிரி எடுக்க இயலாது; தயாரித்த ஆண்டைக் கொண்டு ஐயப்பட்டியலில் சேர்ப்பதே வழி.

உடன்படிக்கை 0.005 விழுக்காடு, அதாவது மில்லியனுக்கு 50 பங்கு என்ற அளவுவரை கண்டறிய முயலச் சொல்கிறது. 2025க்குள் பிசிபி உள்ள கருவிகளைப் பயன்பாட்டிலிருந்து அகற்றவும், 2028க்குள் அந்தக் கழிவைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத முறையில் கையாளவும் காலக்கெடு விதித்திருக்கிறது. பல நாடுகளில் கணக்கெடுப்பே முழுமையடையவில்லை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. எழுதப்படாத மின்மாற்றி ஒருநாள் பழைய இரும்புக்காக ஏலத்தில் போகும். வாங்கியவர் செம்புக்காக அதைப் பிரிப்பார். எண்ணெய் மண்ணில் கொட்டப்படும், அல்லது உயவு எண்ணெயாகவும் விறகுக்குத் துணையாகவும் மக்கள் கைக்குப் போகும். 1999இல் பெல்ஜியத்தில் கால்நடைத் தீவனத்துக்கான கொழுப்பில் பிசிபி எண்ணெய் கலந்ததால் கோழியும் முட்டையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அரசியலையே உலுக்கிய நெருக்கடி அது. 1968இல் ஜப்பானில் வெப்பக் குழாயிலிருந்து கசிந்த பிசிபி அரிசித்தவிட்டு எண்ணெயில் கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர்.

கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதற்கும் ஜப்பானே நல்ல பாடம். 1970களில் பிசிபியைத் தடைசெய்த அந்த நாட்டில், எரிப்பு ஆலை வேண்டாம் என்று உள்ளூர் மக்கள் எதிர்த்ததால் கழிவு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உரிமையாளர்களின் கிடங்குகளிலேயே கிடந்தது. 2001இல் தனிச் சட்டம் இயற்றி, ஐந்து இடங்களில் பெரும்பாலும் வேதிமுறையில் சிதைக்கும் ஆலைகளை அரசே முன்னின்று அமைத்தது; 2016இல் முடிக்கத் திட்டமிட்ட பணி 2027 வரை நீட்டிக்கப்பட்டது. செல்வமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டுக்கே இவ்வளவு காலம் பிடிக்கிறது. அத்தகைய ஆலை இல்லாத நாடுகள் கழிவைக் கப்பலில் வேறு நாட்டுக்கு அனுப்புகின்றன. அதற்கு, நச்சுக் கழிவு எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின்படி பெறும் நாட்டின் ஒப்புதலும், வழியில் உள்ள நாடுகளின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். வரம்புக்குக் கீழே கொண்டுவருவதற்காக நல்ல எண்ணெயைக் கலந்து நீர்த்துப்போகச் செய்வதை ஏற்கவே கூடாது. அப்படிச் செய்தால் நஞ்சின் மொத்த அளவு ஒரு துளியும் குறையாது, அது இருக்கும் இடங்கள்தான் பெருகும்.

டிடிடியின் நிலை வேறு. மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி வீட்டுச் சுவர்களில் தெளிக்க மட்டும் அது அனுமதிக்கப்படுகிறது. பயன்படுத்தும் நாடு தன் பெயரைப் பதிவேட்டில் சேர்த்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவைத் தெரிவிக்க வேண்டும். மலேரியாவால் குழந்தைகள் இறக்கும் இடத்தில் இந்த விலக்கு நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் சுகாதாரத் துறைக் கிடங்கிலிருந்து வயல்களுக்குக் கசியாமல் காப்பதற்கு ஒவ்வொரு மூட்டைக்கும் இருப்புக் கணக்கு வேண்டும். கொசுக்களுக்கு எதிர்ப்புத்திறன் உருவாகியிருக்கிறதா என்பதையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். உருவான பிறகும் தெளித்துக்கொண்டிருப்பதால் எவருக்கும் நன்மை இல்லை.

டயாக்சினை எண்ணிப் பார்க்க இயலாது, கணித்துத்தான் அறிய வேண்டும். ஒவ்வொரு வகை உலையும் எரிப்பும் எவ்வளவு வெளியிடும் என்ற காரணிகள் அடங்கிய பொதுவான கணிப்புக் கையேடு ஒன்று இதற்கென உள்ளது. அதைக் கொண்டு ஒரு நாடு தன் மொத்த அளவைக் கணக்கிடுகிறது. நவீன எரிப்பு ஆலைகளில் வெப்பநிலையை 850 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வைத்து, வெளிவரும் வாயுவை விரைந்து குளிர்வித்து, வடிகட்டிப் பிடிப்பதன் மூலம் வெளியேற்றம் பெருமளவு குறைக்கப்பட்டிருக்கிறது. வளரும் நாடுகளின் கணக்கில் பலமுறை முதலிடம் பிடிப்பது திறந்தவெளிக் குப்பை எரிப்புதான். புகைபோக்கி இல்லாத அந்த நெருப்புக்கு எந்த வடிகட்டியும் பொருத்த முடியாது.

அடுத்துவரும் பெரும் சிக்கல் பொருட்களுக்குள் ஒளிந்திருக்கும் நச்சு. தீத்தடுப்பானாகப் பயன்பட்ட புரோமின் சேர்மங்கள் கணினி உறைகளிலும் இருக்கைப் பஞ்சிலும், ஃபுளூரின் சேர்மங்கள் கறைபிடிக்காத துணியிலும் தீயணைப்பு நுரையிலும் உள்ளன. பழைய மின்னணுப் பொருட்களின் பிளாஸ்டிக் மறுசுழற்சி வழியாகக் குழந்தைகளின் பொம்மைகளுக்குள் வந்து சேர்வது பல நாடுகளின் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. சில புரோமின் சேர்மங்கள் அடங்கிய பொருட்களை 2030 வரை மறுசுழற்சி செய்ய உடன்படிக்கையே விலக்கு அளித்தது. அதை நான் அன்றும் இன்றும் ஏற்கவில்லை. சுங்க அதிகாரி ஒருவர் பெட்டகத்தைத் திறந்து பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க இயலாது. சரக்குக் குறியீட்டு எண்கள் நாற்காலி என்று சொல்லும், அதற்குள் இருக்கும் வேதிப்பொருளைச் சொல்லாது.

பணத்தைப் பொறுத்தவரை, வளரும் நாடுகளுக்கு உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியம் உதவுகிறது. அதன் உதவியால் முதல் கணக்கெடுப்பு நடந்துவிடுகிறது. திட்டக்காலம் முடிந்ததும் பயிற்சி பெற்றவர்கள் வேறு பணிக்கு மாற்றப்பட, ஆய்வகக் கருவி உதிரிபாகம் இன்றி நின்றுவிடுகிறது. அந்தக் கருவியின் பராமரிப்பைத் தன் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கும் நாடுகளில்தான் இரண்டாவது கணக்கெடுப்பு நடக்கும். கடமை தவறும் நாடுகளைக் கவனிக்கும் இணக்கக் குழுவை அமைக்கவே 2023 வரை பேச்சு நீண்டது. தாய்ப்பாலையும் காற்றையும் சோதிக்கும் உலகக் கண்காணிப்புத் திட்டமோ, டிடிடி, பிசிபி போன்ற பழைய நச்சுகள் பல இடங்களில் குறைந்து வருவதைக் காட்டுகிறது. இந்த உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

பழைய மின்மாற்றியைப் பிரிப்பவர்களும் வாங்குபவர்களும், சோதிக்காத எண்ணெயை எந்தத் தேவைக்கும் எடுக்க வேண்டாம். மேலில் தேய்த்தால் வலி போகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். செம்புக்காகக் கம்பியை எரிக்க வேண்டாம். தொழிற்சாலை, மருத்துவமனை, கல்வி நிறுவனம் ஆகியவற்றை நடத்துவோர் தம் வளாகத்தில் உள்ள 1990க்கு முந்தைய மின்மாற்றிகளையும் மின்தேக்கிகளையும் பட்டியலிட்டு, சோதனை முடிவு வரும் வரை ஏலத்துக்கு விடாமல் கசிவு தாங்கும் தளத்தில் கூரைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். செய்தியாளர்களும் ஆர்வலர்களும் தம் நாட்டின் அமலாக்கத் திட்டத்தைப் படிக்க வேண்டும்; நாடுகள் ஒப்படைத்த திட்டங்கள் உடன்படிக்கையின் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அதில் மூன்றைத் தேடுங்கள்: கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட ஆண்டு, பிசிபி கருவிகளின் எண்ணிக்கை சோதனையால் வந்ததா கணிப்பால் வந்ததா என்ற குறிப்பு, கண்டுபிடித்தவற்றில் எத்தனை டன் சிதைக்கப்பட்டது என்ற எண். மூன்றாவது எண் காணப்படாவிட்டால், அதைப் பற்றி அமைச்சகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.