கண்மாயும் கிரியாட்டினினும்

"ரத்தத்தில் உப்பு கூடிவிட்டதாம்" என்று மதுரைப் பக்கம் சொல்வார்கள். பரிசோதனைச் சீட்டில் உள்ள கிரியாட்டினினுக்கு வீட்டில் வழங்கும் பெயர் அது. ஆனால் அது சமையல் உப்பு அல்ல. தசைகள் அவசரச் செலவுக்குச் சேர்த்துவைக்கும் கிரியாட்டின் என்ற பொருளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அன்றாடம் தானாகவே சிதைகிறது. அந்தக் கழிவுதான் கிரியாட்டினின். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது.

ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் ஒரே சீராகத் தண்ணீர் கொண்டுவருகிறது. மடை வழியே அதே அளவு போகிறது. மட்டம் நிலையாக நிற்கிறது. மடை பாதி தூர்ந்துபோனால் தண்ணீர் ஏறும். ஏற ஏற அழுத்தம் கூடி, எஞ்சிய திறப்பின் வழியாகவே வந்தது முழுவதும் வெளியேறும். அந்த உயரத்தில் மட்டம் மறுபடி நின்றுவிடும். சிறுநீரகத்தின் திறன் பாதியானால் கிரியாட்டினின் ஏறக்குறைய இரட்டிப்பாகி நிற்பதும் இப்படித்தான்.

நாம் ஏமாறுவது இங்கேதான். கிரியாட்டினின் 0.8 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) இருந்த ஓர் ஆணுக்கு 1.2 ஆனால், வடிகட்டும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம். சீட்டிலோ அது 'இயல்பு'. அதே மனிதருக்கு 4 என்பது 8 ஆகும்போது குடும்பமே பதறுகிறது. அந்த இடைவெளியில் போனது தொடக்கத் திறனில் நூற்றுக்குப் பத்துதான். பெரிய இழப்பு சத்தமில்லாமல் முன்பே நடந்து முடிந்துவிட்டது. பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

தசை எவ்வளவு என்பதும் முக்கியம்; அது கூடினால் இந்தக் கழிவும் கூடுதலாக உருவாகும். மாட்டுத்தாவணியில் பூக்கட்டும் 70 வயதுப் பாட்டிக்கும், அவனியாபுரத்தில் காளை அடக்கப் பழகும் 28 வயது இளைஞருக்கும் ஒரே 1.1 என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 94 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது, பாட்டியுடையது 54தான். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அதனால் சீட்டில் இந்த வடிகட்டும் கணக்கைச் சொல்லும் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

முந்தைய இரவு மட்டன் சுக்காவை ஒரு பிடி பிடித்திருந்தாலும், சித்திரை வெயிலில் நீர் வற்றியிருந்தாலும் எண் ஏறும். ஒரு சீட்டைப் பார்த்து நடுங்க வேண்டாம். மருத்துவர் சொன்னபடி மறுமுறை எடுத்துப் பாருங்கள்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கி விழுங்கும் டைக்குளோஃபெனாக் போன்ற மாத்திரைகள்தான் எனக்குப் பெரும் கவலை. உடலில் நீர் குறையும்போது, வடிகட்டிக்கு வரும் ரத்தக்குழாயை விரித்துவைத்துக் காப்பாற்றும் பொருளையே அவை தடுத்துவிடுகின்றன. வெயிலில் களையெடுத்துவிட்டு வந்து அதைப் போடுபவருக்கு ஆபத்து இரட்டிப்பு.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கிரியாட்டினினோடு நிற்காமல் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பலருக்கு ரத்தத்தின் எண் அசைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தப் புரதம் கசியத் தொடங்கிவிடுகிறது. மருந்தால் கசிவைக் குறைக்க நல்ல காலமும் அதுதான்.