றேசரில் இருக்கும் இலக்கம் எதற்கு?

போன மாதம் பிரஷர் கிளினிக்குக்கு வந்த ஐயா ஒருவரின் கழுத்தில் ஏழெட்டு இடங்களில் பொருக்கு. தாடைக்குக் கீழே முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியில் சுற்றிய ஒரு றேசரை எடுத்து மேசையில் வைத்தார். ஜேர்மனியில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது கொடுத்தது. பாரமான, மினுங்குகிற உலோக றேசர். கைபிடியில் 1 முதல் 6 வரை இலக்கங்கள். ஐயா 6இல் வைத்திருந்தார்.

“நம்பர் கூடினால் நல்லா வழிக்கும் எண்டு நினைச்சன் டொக்டர்.”

அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிக்குள் இருந்த விளக்கம் ஜேர்மன் மொழியில். வன்னியில் இன்று பல வீடுகளுக்கு இப்படியான றேசர்கள் வருகின்றன. சில வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவருபவை, சில பெடியள் இணையத்தில் ஓர்டர் செய்பவை. நல்ல கருவிதான். எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பக்கமும் கூரான மெல்லிய பிளேட்டைப் போட்டுப் பாவிக்கும் றேசருக்கு கிங் காம்ப் ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நம் அப்பாக்கள் கிணற்றடியில் கண்ணாடியைக் கொழுவி வைத்துப் பாவித்ததும் அந்த வகைதான். 1958இல் ஜில்லெட் நிறுவனம் அதில் ஒரு வளையத்தைச் சேர்த்து, 1 முதல் 9 வரை இலக்கமிட்டு விற்றது. அந்த வளையத்தைத் திருப்பினால் பிளேட்டின் கூர் மாறாது. பிளேட்டின் விளிம்புக்கும், அதற்குக் கீழே தோலைத் தாங்கும் உலோக ஓரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் மாறும். சின்ன இலக்கத்தில் இடைவெளி சிறியது, பிளேட் குறைவாகவே வெளியே தெரியும். பெரிய இலக்கத்தில் பிளேட் கூடுதலாக வெளியே வரும், நீண்ட தாடி சிக்காமல் போகும், ஆனால் கை கொஞ்சம் சரிந்தாலும் தோல் வெட்டுப்படும். ஆக, அந்த இலக்கம் உங்கள் தாடியின் நீளத்துக்கும் தோலின் தன்மைக்கும் ஏற்றபடி வைக்க வேண்டியது. எல்லாக் கம்பனிக்கும் ஒரே அளவும் கிடையாது. மேர்க்கூரின் புரோகிரஸ் 5 வரை போகும், அதே கம்பனியின் பியூச்சர் 6 வரை போகும். ஒன்றின் 3 மற்றதன் 3 அல்ல.

புதிதாகத் தொடங்குகிறவர் 1இல் தொடங்குங்கள். நாலைந்து சவரத்துக்குப் பிறகும் முடி மிஞ்சுகிறது, தோலில் எரிவும் இல்லை என்றால் மட்டும் ஒரு படி கூட்டுங்கள். எரிந்தால் குறையுங்கள்.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயம். பிளேட்டைப் போட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக, நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடத் தெரிந்தால் அந்தப் பக்கம் உங்களை வெட்டும். அடுத்தது, சவர்க்காரக் கையால் பிடித்தாலும் வழுக்காத கைபிடி. தலைப்பகுதி கதவு போல இரண்டாகத் திறக்கும் வகை பிளேட் மாற்ற இலகு. மூடியை இழுத்துக் கழற்றும் வகையில், பிளேட் மாற்றும்போதே விரலை வெட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மூடியை அதன் இரு குறுகிய முனைகளிலும் மட்டும் பிடியுங்கள்.

இனி வழிப்பது. தாடி முடி தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் மிருதுவாகிவிடும். குளித்து முடித்த கையோடு வழிப்பதுதான் நல்லது. வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினம், சில இடங்களில் சவர். சவர்க்காரம் நுரைக்காது, றேசரின் வாயில் வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் ஒரு கோப்பை அதற்கு எடுங்கள். படிந்ததைத் தேசிக்காய்ச் சாறு தொட்டு உரசிக் கழுவலாம், ஆனால் ஊறப்போட வேண்டாம், பூச்சு போய்விடும்.

அழுத்தம்தான் பெரிய பிழை. பிளாஸ்ரிக் றேசரை அழுத்தி இழுத்த பழக்கம் கையை விட்டுப் போகாது. உலோக றேசரின் பாரமே போதும். பிளேட் கன்னத்துக்கு ஏறத்தாழ 30 பாகையில் இருக்கும்படி கைபிடியைச் சாய்த்து, குட்டிக் குட்டியாக இழுங்கள். முதலில் முடி போகிற பக்கத்துக்கே. கழுத்தில்தான் கவனம் வேண்டும், அங்கே முடி ஒரே பக்கம் போவதில்லை. இரண்டு நாள் வழிக்காமல் விட்டு விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகக் குத்துகிற பக்கம் முடிக்கு எதிர்ப்பக்கம். ஐயாவின் கழுத்தில் இடது பக்க முடி மேல்நோக்கியும் வலது பக்க முடி காதுப் பக்கமாகவும் வளர்ந்திருந்தது. அவர் நாற்பது வருடமாக இரண்டையும் மேலிருந்து கீழே இழுத்து வந்திருக்கிறார்.

சுருள் முடிக்காரருக்கு இன்னொரு தொல்லை. மிக ஒட்ட வழித்தால் வெட்டுப்பட்ட நுனி வளைந்து திரும்பவும் தோலுக்குள் புகும். அங்கே பரு போலக் கிளம்பும், சிலருக்குச் சீழும் கட்டும். இவர்கள் தோலை இழுத்துப் பிடிக்காமல், சின்ன இலக்கத்தில், முடி போகிற பக்கமாக ஒரே தடவை வழித்தால் போதும். கொஞ்சம் முடி தெரிந்தால் தெரியட்டும். பார்மசியில் தாங்களாகவே ஸ்டீரொய்ட் களிம்பு வாங்கி மாதக்கணக்காகப் பூசிவிட்டு, தோல் மெலிந்த பிறகு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

எங்கள் பகுதியில் மட்டும் நான் அடிக்கடி பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கன்னத்திலும் தாடையிலும் ஷெல் காயத் தழும்போடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 2009இல் போர் முடிந்து இத்தனை வருடம் போயும் சிலரின் தோலுக்கடியில் துண்டுகள் கையில் தட்டுப்படுகின்றன. தழும்பில் உணர்ச்சி குறைவு, வெட்டுப்பட்டாலும் தெரியாது. இரத்தம் வழிந்து சட்டையில் பட்ட பிறகுதான் தெரியும். தழும்பு மேடாக இருந்தால் றேசர் அதன் உச்சியைச் சீவும். அதைச் சுற்றியுள்ள முடியும் கண்டபடி வளரும். இவர்களுக்கு 1ஆம் இலக்கம், அதுவும் தழும்புக்கு இரு பக்கமும் தனித்தனியாக. மேட்டின் மேல் றேசரைக் கொண்டுபோகவே வேண்டாம், அங்கே கத்தரிக்கோல் போதும். ஒரு கையை இழந்த ஒருவர் தோலை இழுத்துப் பிடிக்க முடியாமல் பெரிதும் அவதிப்பட்டார். கன்னத்துக்குள் நாக்கை வைத்துத் தள்ளவும், தலையை மறுபக்கம் சரிக்கவும் பழகினார். பிளேட் மாற்றுவது அவருடைய மனைவி. இப்போது அவர் சலூனுக்குப் போவதில்லை. தானே வழிப்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் முகத்தில் பார்த்தேன்.

பெரிய இலக்கம் எப்போது தேவை? செத்தவீட்டுக்குப் பிறகு அந்தியேட்டி வரை 31 நாள் வழிக்காதவர்களுக்கு. தாடி ஒரு நாளைக்கு 0.3, 0.4 மில்லிமீற்றர் வளரும். ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். அதை நேரே றேசரால் இழுத்தால் முடி பிடுங்குப்படும். முதலில் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுங்கள், அப்புறம் 4 அல்லது 5இல் ஒரு தடவை, பிறகு 1 அல்லது 2க்கு இறக்கி மறு தடவை. சபரிமலைக்கு விரதம் இருந்து தாடி வளர்த்தவர்களுக்கும் இதுதான் முறை.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கோப்பித்தூள் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் சீனி வியாதிக்காரரும் 1ஐத் தாண்ட வேண்டாம். வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே பிளேட்டைப் பாவிக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்திலும் ஈரலைத் தாக்கும் ஹெபடைற்றிஸ் பி கிருமி இருக்கலாம், காய்ந்த பிறகும் ஏழு நாளுக்குக் குறையாமல் அது உயிரோடு இருக்கும். சலூனில் அண்ணை புதுப் பிளேட்டை உங்கள் கண் முன்னால் முறித்துக் கத்தியில் போடுகிறாரா என்று பாருங்கள். எல்லோர் முகத்திலும் தேய்த்த படிகாரக் கட்டியை உங்கள் வெட்டுக்காயத்தில் தேய்க்க விடாதீர்கள்.

கடைசியாக, பாவித்த பிளேட். நாலைந்து சவரத்துக்குப் பிறகு அது மாற்றப்பட வேண்டும். மாற்றியதைக் கிடுகில் செருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேலியில் பந்து தேடிய பிள்ளையொன்று உள்ளங்கை கிழிந்து வந்து, மூன்று தையல் போட்டேன். ஒரு பால்மா ரின்னின் மூடியில் பிளேட் நுழையுமளவு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு அது பல வருடம் காணும்.